நின்றதும் நிறைந்ததும்

ஒரு புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கங்கள் கிழிந்துபோனால், எஞ்சிய பக்கங்களையேனும் படித்துப் பயன் பெறலாம். கணினிக் கோப்பின் இயல்பு அத்தகையதன்று. நூறில் தொண்ணூறு பங்கு வந்து சேர்ந்த கோப்பு, பல வேளைகளில் ஒரு பங்கும் வராத கோப்புக்கே சமமாகும். ‘ஜிப்’ என்னும் சுருக்கக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் அடங்கிய பொருள்கள் எவை, அவை எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் பொருளடக்கம் கோப்பின் முகப்பில் இல்லை. அதன் வாலில் இருக்கிறது. வால் வந்து சேரவில்லையெனில், கோப்பைத் திறக்கப் புகும் கருவி வாசலிலேயே திகைத்து நின்றுவிடும்.

வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் தாழி உடைவது போன்ற இந்தத் துன்பத்தை, இணையத்திலிருந்து பெரிய கோப்புகளை இறக்கிக்கொள்ளும் மாணவர் அனைவரும் ஒரு முறையேனும் கண்டிருப்பர். கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? வந்த பகுதியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகின்றனர். இதில் காலமும் வீணாகிறது. விலை கொடுத்து வாங்கிய தரவு அளவும் வீணாகிறது. பதிவிறக்கம் ஏன் நிற்கிறது, நின்றதை எவ்வாறு தொடர்வது, தொடர்ந்து முடித்ததை எவ்வாறு நம்புவது என்னும் மூன்று வினாக்களையே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இதற்கு நான் துணைகொள்ளும் கருவிகள் இரண்டு. ஒன்று ‘டபிள்யூகெட்’. குரோவேஷிய நாட்டு ஹ்ர்வோயே நிக்சிச் எழுதிய இது 1996ஆம் ஆண்டு சனவரியில் இப்பெயருடன் வெளிவந்தது. மற்றொன்று ‘கர்ல்’. சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க் இதனை இப்பெயரில் வெளியிட்டது 1998ஆம் ஆண்டு மார்ச்சில். இவை படங்களும் பொத்தான்களும் கொண்டவை அல்ல. கட்டளை வரியில் எழுத்தால் ஏவப்படுபவை. அழகில் குறைந்த இக்கருவிகளை ஏன் நாட வேண்டும் என்று கேட்கலாம். உலாவி, கோப்பு வராதபோது ஒரு வட்டத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. இவையோ எத்தனை பைட் வந்தது, எங்கே அறுந்தது, வழங்கிக் கணினி என்ன விடை சொன்னது என்று ஒன்று விடாமல் கூறிவிடுகின்றன. நோயாளி வாய் திறந்து பேசினாலன்றோ மருத்துவர்க்கு வேலை எளிதாகும்?

முதலில் ஒரு கோப்பு எவ்வாறு பயணம் செய்கிறது என்று பார்ப்போம். அது ஒரே பொதியாக வருவதில்லை. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி அதனைச் சிறு சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. பெறும் கணினி ஒவ்வொரு பகுதிக்கும் ‘வந்தது’ என்று ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வராத துண்டை வழங்கி மீண்டும் அனுப்புகிறது. ‘டிசிபி’ என வழங்கும் இவ்வொழுங்குமுறை 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான ஆவணம் ஒன்றில் வரையறுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்து எழுதிய பின்னரும் அதன் அடிப்படை மாறவில்லை.

இம்முறைப்படி ஓர் இணைப்பை அடையாளம் காட்டுவன நான்கு எண்கள்: நம்முடைய முகவரி, நம்முடைய வாயில் எண், எதிர்ப்புறத்து முகவரி, எதிர்ப்புறத்து வாயில் எண். இந்நான்கில் ஒன்று மாறினாலும் பழைய இணைப்பு செல்லாது. கோப்பு வந்துகொண்டிருக்கும்போது கைப்பேசி வைஃபையை விட்டுக் கோபுர அலைக்குத் தாவினால் நம் முகவரி மாறிவிடுகிறது. வழங்கி பழைய முகவரிக்கே துண்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். நாமோ புதிய முகவரியில் காத்துக்கொண்டிருப்போம். வீட்டிலுள்ள ரவுட்டர் இடையில் அணைந்து எரிந்தாலும், எந்த இணைப்பு யாருக்குரியது என்று அது எழுதி வைத்திருந்த பட்டியல் அழிந்துபோகும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எதிர்ப்புறம் முறையாக இணைப்பை முடித்தால் நமக்குச் செய்தி வரும். எதிர்ப்புறம் மறைந்துபோனாலோ செய்தி எதுவும் வராது. பெறுகின்ற கணினிக்கு, மெதுவாக வருகிற வழங்கியும் மறைந்துபோன வழங்கியும் ஒரே தோற்றமுடையன: இரண்டும் மௌனமே. ‘இருக்கிறாயா?’ என்று அவ்வப்போது கேட்டுப் பார்க்கும் வழக்கம் டிசிபியில் உண்டு. ஆயின் 1989ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, கருவி விரும்பிக் கேட்டாலன்றி அது இயங்காது; இயங்கினாலும் அதன் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. திரையில் எண் நகராமல் நிற்பதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். கருவி பழுதடையவில்லை. அது விடைக்காகக் காத்திருக்கிறது.

எனவே, ‘எவ்வளவு நேரம் காத்திருப்பது?’ என்பதை நாமே கருவிக்குச் சொல்லிவிடுவது நன்று. நாம் ஒன்றும் சொல்லாதபோது டபிள்யூகெட் ஒரு பைட்டும் வராமல் 900 விநாடிகள், அதாவது கால் மணி நேரம், பொறுத்திருக்கும். அதன் பின்னரே இணைப்பை அறுத்து மறுமுறை முயலும். ‘டைம்அவுட்’ என்னும் விருப்பச் சொல்லோடு 30 என்ற எண்ணைச் சேர்த்து எழுதினால் அரை நிமிடத்திலேயே மௌனத்தைக் கண்டுகொள்ளும். இயல்பாக அது 20 முறை முயலும். ‘டிரைஸ்’ என்னும் சொல்லோடு பூஜ்யத்தைச் சேர்த்தால் எல்லையின்றி முயன்றுகொண்டிருக்கும். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வழங்கி திட்டமாக மறுத்துவிட்டால் மட்டும் வீண் முயற்சி செய்யாது.

கர்லின் பழக்கம் வேறு. கோப்பு வரத் தொடங்கிய பின்னர், எவ்வளவு மெதுவாக வந்தாலும் அது தானாக நிறுத்துவதில்லை. ஆகையால் அதற்கு இரண்டு எண்கள் தருதல் வேண்டும். கோடு இட்டு, ஆங்கிலப் பெரிய ‘ஒய்’ எழுத்துடன் 1000 என்றும், மீண்டும் கோடு இட்டுச் சிறிய ‘ஒய்’ எழுத்துடன் 30 என்றும் எழுதினால், ‘30 விநாடிகள் தொடர்ந்து விநாடிக்கு 1000 பைட்டுக்கும் குறைவாக வந்தால் நிறுத்திவிடு’ என்பது பொருள். இதில் ஒரு நன்மை உண்டு. முழுமையான மௌனத்தை மட்டுமன்றி, சொட்டுச் சொட்டாகக் கசியும் பயனற்ற இணைப்பையும் இது பிடித்துவிடும்.

இனி இரண்டாம் வினா. நின்றதை எவ்வாறு தொடர்வது?

400 கோடி பைட் கொண்ட ஒரு கோப்பு, விநாடிக்குப் பத்து லட்சம் பைட் வீதம் வருகிறது என்று கொள்வோம். முழுக் கோப்பும் வர 4,000 விநாடிகள், அதாவது ஒரு மணி ஏழு நிமிட அளவு, ஆகும். 360 கோடி பைட் வந்தபின் இணைப்பு அறுந்ததாயின், மீதியை மட்டும் கேட்டுப் பெற 400 விநாடிகள் போதும். முதலிலிருந்து தொடங்கினாலோ மீண்டும் 4,000 விநாடிகள். பத்து மடங்கு வேறுபாடு!

மீதியை மட்டும் கேட்பதற்கு வழி உண்டா? உண்டு. 1997ஆம் ஆண்டு வெளியான எச்டிடிபி 1.1 என்னும் விதித்தொகுப்பு அதற்கு இடம் தருகிறது. ‘இன்ன எண்ணுள்ள பைட் முதல் அனுப்புக’ என்று வழங்கியைக் கேட்கலாம். பைட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவது மரபாதலின், கையில் எத்தனை பைட் இருக்கிறதோ அந்த எண்ணே அடுத்து வேண்டிய பைட்டின் எண்ணாகும். வழங்கி இசைந்தால் 206 என்னும் விடை எண்ணோடு மீதியை மட்டும் தரும். அந்த வசதி இல்லாத வழங்கி 200 என்னும் எண்ணோடு முழுக் கோப்பையும் மீண்டும் அனுப்பத் தொடங்கும். கோப்பின் எல்லைக்கு அப்பாற்பட்ட பகுதியைக் கேட்டுவிட்டால் 416 என்று விடை வரும். இம்மூன்று எண்களையும் நினைவில் வைத்திருப்பவர், வழங்கி என்ன நினைக்கிறது என்பதை உடனே அறிந்துகொள்வார்.

கட்டளை எளியது. முன்பு இறக்கிய அதே அடைவுக்குச் சென்று, டபிள்யூகெட் என்று எழுதி, ஒரு கோடும் சிறிய ‘சி’ எழுத்தும் இட்டு, முகவரியைத் தர வேண்டும். இந்தச் ‘சி’யை விட்டுவிட்டு அதே கட்டளையை மறுபடி இட்டால், அது பழைய கோப்பைத் தொடாமல், அதன் பெயரோடு புள்ளியும் 1 என்ற எண்ணும் சேர்த்துப் புதிய கோப்பொன்றை முதலிலிருந்து இறக்கும். கர்லிலோ ஒரு கோடு, பெரிய ‘சி’, இடைவெளி, மீண்டும் ஒரு கோடு என்று எழுதி, கோப்பின் பெயரைக் காப்பதற்காகக் கோடும் பெரிய ‘ஓ’ எழுத்தும் சேர்த்தல் வேண்டும். அந்த இரண்டாம் கோடு, ‘எங்கிருந்து தொடர்வது என்பதைக் கையிலுள்ள கோப்பைப் பார்த்து நீயே முடிவு செய்’ என்று கருவியிடம் சொல்வதாகும்.

ஓர் எச்சரிக்கை. தொடரும் வசதி இல்லாத வழங்கியை எதிர்ப்பட்டால், கர்ல் பிழை கூறி நின்றுவிடும். டபிள்யூகெட்டின் இக்காலப் பதிப்போ, கையிலுள்ள பகுதியின் மேலேயே முதலிலிருந்து எழுதத் தொடங்கிவிடும். ஆகவே, பெரும்பாடுபட்டுச் சேர்த்த பகுதியாயின், அதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு தொடர்வது அறிவுடைமை.

தொடர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோப்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? வெவ்வேறு இடமாயின் குற்றம் பெரும்பாலும் வழியில் உள்ளது. ஒரே இடமாயின் வழியைக் குறை கூறிப் பயனில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் இத்தகைய இடரோடு என்னிடம் வந்தார். இயங்குதளக் கோப்பு ஒன்றை அவர் மூன்று இரவுகள் இறக்கியிருக்கிறார். ஒவ்வோர் இரவும் கட்டளையை இட்டுவிட்டு உறங்கச் செல்வார். காலையில் கோப்பு குறையாக இருக்கக் கண்டு, சாளரத்தை மூடி, கோப்பை அழித்து, மறுநாள் இரவு மீண்டும் தொடங்குவார். ‘இணைப்பு சரியில்லை’ என்பது அவர் முடிவு. ‘கடைசியாக வந்த கோப்பின் அளவு என்ன?’ என்று கேட்டேன். 4,29,49,67,295 பைட் என்றார். அந்த எண்ணே விடையைச் சொல்லிவிட்டது. ‘ஃபேட் 32’ என்னும் முறையில் அமைக்கப்பட்ட நினைவகத்தில் ஒரு கோப்பின் உச்ச அளவு துல்லியமாக அதுவே. அவர் நேரே ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டிருந்தார். பென் டிரைவில் இடம் நிறைய இருந்தது. ஆனால் ஒரே கோப்பாக அதற்கு மேல் ஒரு பைட்டும் அங்கே எழுத இயலாது. மூன்று இரவுகளில் ஏறத்தாழ 1,290 கோடி பைட் வீணாகியிருந்தன. கணினியின் வட்டில் இறக்கச் செய்ததும் அன்றே கோப்பு முழுமையாக வந்தது.

உண்மையில், எழுத முடியவில்லை என்னும் செய்தியைக் கருவி இரவிலேயே திரையில் காட்டியிருக்கும். சாளரத்தை மூடியபோது அதுவும் மறைந்தது. நீண்ட பதிவிறக்கங்களுக்கு டபிள்யூகெட்டில் ‘பேக்கிரவுண்ட்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், அது பின்னணியில் இயங்கி, நடந்ததையெல்லாம் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். காலையில் அதன் கடைசிச் சில வரிகளைப் படித்தால் போதும். வட்டில் எஞ்சியுள்ள இடத்தையும் பார்த்துவிடுங்கள். இடம் தீர்ந்தாலும் கோப்பு நின்றுவிடும்.

மூன்றாம் வினாவே மிக முக்கியமானது. கருவி ‘முடிந்தது’ என்கிறது. நம்பலாமா?

வழங்கி கோப்பின் மொத்த நீளத்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால், குறைவாக வந்ததைக் கருவி அறியும். கர்ல் அப்போது 18 என்னும் முடிவெண்ணைத் தரும். காலக்கெடு கடந்திருந்தால் 28 என்னும். பூஜ்யம் வந்தால் குறையொன்றும் காணவில்லை என்பது பொருள். கட்டளை முடிந்த உடனே ‘எக்கோ’ என்று எழுதி டாலர் குறியையும் வினாக்குறியையும் இட்டால் இவ்வெண்ணைக் காணலாம். ஆனால் சில வழங்கிகள் நீளத்தைச் சொல்வதில்லை. அப்போது திரையில் நூற்றுப்பங்கு எதுவும் தோன்றாது. பழைய முறையில் இணைப்பை மூடுவதே கோப்பின் முடிவுக்கு அடையாளம். அங்கே வழியில் அறுந்ததையும் முறையாக முடிந்ததையும் பிரித்தறிய வகையில்லை.

வேறொரு மயக்கமும் உண்டு. பெருங்கோப்பை எதிர்பார்த்தபோது சில ஆயிரம் பைட் மட்டும் வந்து, ‘முடிந்தது’ என்று கருவி கூறும். அக்கோப்பை ஓர் உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். உள்ளே ‘இப்பக்கம் இல்லை’ என்னும் அறிவிப்போ, பொது வைஃபையின் நுழைவுப் பக்கமோ இருக்கும். வழங்கி 404 என்று மறுத்தாலும், அந்த மறுப்புப் பக்கத்தைக் கர்ல் பணிவோடு சேமித்து வைக்கும். கோடும் சிறிய ‘எஃப்’ எழுத்தும் சேர்த்தால் அதனைப் பிழையாகக் கொள்ளும். கோப்பு வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அங்கே பின்தொடர்ந்து செல்ல, கோடும் பெரிய ‘எல்’ எழுத்தும் வேண்டும். முகவரியினுள் ‘உம்’மைக் குறி இருந்தால், முகவரி முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தல் வேண்டும். இல்லையேல் கட்டளை வரி அக்குறியோடு முகவரியை வெட்டிவிடும். நீங்கள் கேட்டது ஒன்று, வருவது ஒன்றாகும்.

இவற்றினும் நுண்ணியது, ஒட்டுப்போட்ட கோப்பு. நேற்று ஒரு கோப்பின் பாதியை இறக்கினோம். இரவில் அதன் ஆசிரியர் திருத்திய பதிப்பை அதே பெயரில் வைத்துவிட்டார். இன்று நாம் தொடர்கிறோம். நேற்றைய பதிப்பின் முன்பாதியோடு இன்றைய பதிப்பின் பின்பாதி ஒட்டிக்கொள்கிறது. ஓர் ஏட்டின் முற்பகுதியையும் வேறொரு பாடமுள்ள ஏட்டின் பிற்பகுதியையும் சேர்த்துக் கட்டினால் எப்படியோ, அப்படி. அளவு சரியாக இருக்கும். முடிவெண் பூஜ்யமாக இருக்கும். கோப்போ எந்தப் பதிப்பும் அன்று. கையிலுள்ள பகுதி வழங்கியிலுள்ள கோப்பின் உண்மையான தொடக்கந்தானா என்று சரிபார்க்கத் தன்னால் இயலாது என்பதை டபிள்யூகெட்டின் கையேடே வெளிப்படையாகக் கூறுகிறது.

வழியில் பைட் திரிவதும் உண்டு. டிசிபி துண்டுதோறும் வைக்கும் சரிபார்ப்பு எண் 16 பிட் அளவே உடையது. அதனைத் தப்பும் பிழைகளும் உள என்று 2000ஆம் ஆண்டில் ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் என்னும் இரு ஆராய்ச்சியாளர் காட்டினர். இன்று பெருவழக்காகிவிட்ட எச்டிடிபிஎஸ், வழியிடைத் திரிபைக் கண்டுகொள்ளும். எனினும் நம் கையில் நடந்த ஒட்டுப்போடலை அது அறியாது.

இதற்கு மருந்து ஒன்றே. கோப்பைத் தருபவர், அதனோடு ‘ஷா 256’ என்னும் கைரேகை எண்ணையும் வெளியிடுவதுண்டு. அமெரிக்கத் தர நிறுவனம் 2002ஆம் ஆண்டில் தன் தரத்தொகுப்பில் சேர்த்த முறை இது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும், அதன் முழு உள்ளடக்கத்திலிருந்து 64 எழுத்துக் கொண்ட ஒரு கோவையை இது கணித்துத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கோவை முற்றிலும் வேறாகிவிடும். டெபியன் போன்ற இயங்குதளத் திட்டங்கள் தம் வட்டுக் கோப்புகள் அனைத்துக்கும் இப்பட்டியலைத் தருகின்றன. லினக்ஸ் கணினியில் ‘ஷா256சம்’ என்று எழுதிக் கோப்பின் பெயரைத் தந்தால் நம் கோவை வெளிவரும். இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றாயின் ஐயம் தீர்ந்தது. வேறாயின், மேலும் தொடர முயலாதீர்கள். அப்போதுதான் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது முறையாகும்.

பார்த்தீர்களா, பலர் முதலில் செய்யும் காரியம் உண்மையில் இறுதியாகச் செய்ய வேண்டியது. கருவியின் செய்தியைப் படித்தல், நின்ற இடத்தைக் குறித்தல், வட்டின் இடத்தை நோக்கல், மீதியைக் கேட்டல், கைரேகையை ஒப்பிடுதல் ஆகிய இவ்வளவும் அதற்கு முன்னே நிற்கின்றன. பதறாத காரியம் சிதறாது என்பது கணினிக்கும் பொருந்தும்.

இச்சிறு பழக்கத்தின் பயன் பெரிது. குறைக் கோப்பைக் கொண்டு நிறுவிய இயங்குதளம் பாதி வழியில் உடையும். குறைத் தரவைக் கொண்டு எழுதிய ஆய்வேடு, உடையாமலேயே தவறான முடிவைக் கூறும். பின்னதே கொடியது, ஏனெனில் அதனை எவரும் உடனே கண்டுகொள்ளமாட்டார். நாளை நீங்கள் ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளையோ, ஓர் ஆற்றின் வெள்ள அளவுகளையோ கையாளும் பொறுப்பில் இருக்கக்கூடும். அங்கே 64 எழுத்துகளை ஒப்பிடச் செலவிடும் அரை நிமிடத்துக்கு ஈடான காப்பு வேறில்லை. இன்று இரவு நீங்கள் இறக்கும் பாடக் கோப்பிலிருந்தே அப்பழக்கத்தைத் தொடங்குங்கள்.